வீட்டுக்கு ஒரு பிபி மெஷின்: வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்யலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தாலே மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற டிஜிட்டல் பிபி மெஷின் ஒன்று இருப்பது நல்லது, பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் கட்டாயம் வேண்டும். ஆனால் அது திரையில் காட்டுகிற எண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்றும் பழகிவிட்டால் உப்பு, நடை, தூக்கம், மனக்கவலை எல்லாம் தானாக அந்த நோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் வீட்டில் நல்ல பழக்கங்கள் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியும் நடக்காதது, இந்த மெஷின் வந்த பிறகு சண்டை சச்சரவில்லாமல் நடந்தது.

நாங்கள் வாங்கியது திருச்சியில் ஒரு சர்ஜிகல் கடையில், அப்பாவுக்காக. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை விற்கிற மெஷின்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன, அதனால் நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்த முறை என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பாரே, அது 1905-இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கொரோட்காஃப் சொன்ன வழி. ரத்தக் குழாயில் வருகிற சத்தத்தைக் கேட்டு அழுத்தத்தைச் சொல்வது. டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் காற்றை ஏற்றி ரத்தக் குழாயை அமுக்குகிறது, அப்புறம் காற்றை மெல்ல இறக்குகிறது, அப்போது ஒவ்வொரு நாடித் துடிப்பும் பட்டைக்குள் இருக்கிற காற்றில் சின்ன அதிர்வாக வருகிறது. அதிர்வு எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அது சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கம்பெனி உள்ளே எழுதி வைத்திருக்கிற கணக்கு கண்டுபிடித்துச் சொல்கிறது. அதனால்தான் கை அசைந்தாலும், பேசினாலும், பட்டை தளர்வாக இருந்தாலும் எண் தப்பாக வருகிறது. இரண்டு கம்பெனி மெஷின்கள் ஒரே ஆளுக்குச் சில புள்ளிகள் தள்ளிக் காட்டுவதற்கும் இதுதான் காரணம், இரண்டில் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாத்திரை பல வருடமாக ஓடுகிறது. கிளினிக்குக்குப் போனால் மேல் எண் 158, 160 என்று நிற்கும். படி ஏறிப் போய், டோக்கன் வாங்கி, கூட்டத்தில் காத்திருந்து, உள்ளே போனதும் உட்கார்ந்த வேகத்தில் பட்டையைக் கட்டினால் யாருக்கும் அப்படித்தான் வரும். வீட்டில் காலையில் அமைதியாகப் பார்த்தால் 134, 136 என்று வந்தது. கிளினிக்கில் மட்டும் ஏறுவது நிறையப் பேருக்கு உண்டு, டாக்டர்களுக்கும் அது தெரியும். இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, கிளினிக்கில் நன்றாக இருந்து வீட்டில் ஏறி நிற்பது. இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் டாக்டர் 'நல்லா இருக்கு' என்று அனுப்பிவிடுவார், உள்ளே சேதம் நடந்துகொண்டே இருக்கும். இரண்டையும் வீட்டில் அளந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். கிளினிக்கில் 140/90 என்பது எல்லை என்றால் வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85-ஐத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பில், பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று வந்தது. மூன்று பேரில் ஒருவருக்கு மேல். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாமலேயே பல வருடம் இருக்கும் என்பதால் அளக்காமல் தெரிய வழியில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? இங்கேதான் நிறைய வீடுகளில் மெஷின் வீணாகிறது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்கார வேண்டும், முட்டிக்கொண்டு இருந்தால் எண் ஏறும். காபி, டீ, சிகரெட், நடை எதுவும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் கூடாது. முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும், ஸ்டூலும் கட்டில் ஓரமும் சரிப்படாது. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் போடக்கூடாது. கை மேஜை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். கை வைக்கிற இடம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல் எண் ஏறக்குறைய 4 புள்ளி கூடுதலாகவும், பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் ஆறரை புள்ளி கூடுதலாகவும் வந்தது. மாத்திரையைக் கூட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற எல்லையில் இருப்பவருக்கு ஆறரை என்பது சின்ன விஷயமில்லை.

சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அதற்குக் கீழே பட்டை கட்டுவதும் வேண்டாம், சுருட்டிய துணியே கையை இறுக்கும். அப்பா பனியனோடு உட்காருவார். அம்மாவுக்கு ரவிக்கைக் கை நீளம் என்றால் தளர்வான நைட்டியில் பார்த்துக்கொள்வார். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, கட்டிய பிறகு உள்ளே ஒன்றிரண்டு விரல் நுழைகிற மாதிரி.

பேசக்கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் கடைசி வரை கஷ்டமாக இருந்த விதி. பட்டை காற்றை ஏற்றிக்கொண்டு உர்ரென்று சத்தம் போட ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து அம்மா "என்னங்க, எவ்வளவு காட்டுது?" என்பார். அப்பா "இரு, இப்பத்தான் ஏறுது" என்று பதில் சொல்வார். அவ்வளவுதான், எண் ஏழெட்டு ஏறி நிற்கும். மறுபடி ஒரு நிமிடம் காத்திருந்து வாய் திறக்காமல் பார்த்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பேச்சு ஒன்றே பத்துப் புள்ளி வரை ஏற்றும் என்பதை இப்படி நேரில் பார்த்த பிறகு, மெஷின் மேஜைக்கு வந்தால் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விமர்சனமே அதற்காகத்தான். மெஷினோடு வருகிற தாளில் 'ஐந்து நிமிடம் ஓய்வாக உட்காரவும்' என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு, பேப்பரும் இல்லாமல் ஐந்து நிமிடம் உட்காருவது எவ்வளவு நீளமான நேரம் என்று செய்து பாருங்கள். முதல் சில நாள் அப்பாவால் முடியவில்லை, மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கால் ஆடிக்கொண்டே இருந்தது. போகப் போக அதுவே அவருக்குப் பிடித்துவிட்டது. காலையில் வாசல் தெளிக்கிற சத்தம், பால்காரர் வண்டி, எதிர்வீட்டுக் குக்கர், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கையை மேஜையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். மெஷினை வெளியே எடுக்காத நாட்களிலும் அந்த நாற்காலியில் அந்த நேரத்துக்குப் போய் உட்காருவது நிற்கவில்லை. இப்போது அம்மாவும் பக்கத்தில் உட்காருகிறார். தியானம், யோகா வகுப்பு என்று சொல்லியிருந்தால் இருவரும் வந்திருக்க மாட்டார்கள், பிபி பார்க்க வேண்டும் என்றதால் வந்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாக மூச்சு விடுவது, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற கணக்கில் இழுத்து விடுவது, அந்த நேரத்துக்குப் பிபியைக் கொஞ்சம் இறக்கும். மனசுக்கும் நல்லது. ஆனால் அளப்பதற்கு முன் இதைச் செய்தால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும், டாக்டரும் ஏமாந்துபோவார். அதனால் அளக்கும்போது இயல்பான மூச்சு, அளந்து எழுதிவிட்டு அப்புறம் மெதுமூச்சு. அப்பா இந்த வரிசையில்தான் செய்கிறார்.

எத்தனை முறை பார்ப்பது என்பதிலும் அளவு உண்டு. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன் இரண்டு முறை ஒரு நிமிட இடைவெளியில், மாலையில் அதே மாதிரி இரண்டு முறை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைச் சராசரி எடுக்க வேண்டும். மற்ற காலத்தில் எண் ஒழுங்காக இருந்தால் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். மெஷினுக்குள்ளேயே நினைவகம் இருக்கிறது, ஆனால் வீட்டில் நாலு பேர் பார்த்தால் யாருடையது எது என்று தெரியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், மேல் எண், கீழ் எண், நாடி, கடைசியாக ஒரு அகலமான கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் எங்களுக்கு உதவியது.

அதில் அப்பா தன் போக்கில் எழுதுவார். 'ராத்திரி தூக்கமில்லை, கரண்ட் போச்சு.' 'கருவாட்டுக் குழம்பு.' 'மாடியில் நடந்தேன்.' 'தம்பியோடு நிலத் தகராறு பேச்சு.' ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து, இதனால்தான் இது என்று சொல்ல முடியாது, பிபி மணிக்கு மணி மாறுவது. ஆனால் வாரச் சராசரியை எடுத்து அடுத்தடுத்து வைத்தால் ஏதோ தெரிகிறது. உறவில் ஒரு கல்யாணம் வந்த வாரம், பந்திச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், நள்ளிரவு வரை பேச்சு, விடியற்காலை முகூர்த்தம் என்று போனதில் சராசரி 142-க்கு ஏறியது. திரும்பி வந்து வழக்கத்துக்கு வந்ததும் அடுத்த வாரம் இறங்கியது. அவரே நோட்டைப் பார்த்து அம்மாவிடம், "ஊறுகாய் பாட்டிலை மேல் தட்டுல வை" என்றார். இதற்கு முன் டாக்டர் சொல்லியும், நான் சொல்லியும் கேட்காதவர். தன் கையால் எழுதிய எண் சொன்னபோது கேட்டுக்கொண்டார்.

உப்பு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பில் எத்தனை கிராம் போட்டோம் என்று யாரும் எடை போட முடியாது, அதனால் எங்கள் வீட்டில் வேறு வழி வைத்தோம். நாலு பேர், ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதிவிடுகிறோம், எப்போது தீர்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துபோகிற வீடுகள் நிறைய இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரி பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ் மசாலா எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே வருவது, அதனால் பாக்கெட் 50 நாளையும் தாண்டி வந்தால்தான் நல்லது. தயிர் சாதத்துக்கும் மோருக்கும் மேலே தூவுகிற உப்பை நிறுத்தியதே எங்களுக்குப் பெரிய வித்தியாசம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடுகிறது, அதற்கப்புறம் ஹோட்டல் சாம்பார்தான் உப்புக் கரிக்கும்.

சோடியம் குறைத்து பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், இந்த வகை உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல பொருள்தான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய சில பிபி மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அப்பாவின் மாத்திரை அந்த வகை என்பதால் எங்கள் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், சாதா உப்பையே குறைத்துக்கொண்டோம்.

அம்மாவின் நோட்டில் வேறு கதை வந்தது. அவருக்கு பிபி எல்லையில்தான் இருந்தது, ஆனால் சில வாரங்களில் காரணமில்லாமல் ஏறும். கடைசிக் கட்டத்தில் அந்த நாட்களில் எல்லாம் 'முட்டி வலி மாத்திரை' என்று இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கொடுக்கிற டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி பிபியை ஏற்றும். டாக்டரிடம் நோட்டைக் காட்டினோம், மாத்திரையை மாற்றி, தொடைக்கு வலு சேர்க்கிற இரண்டு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதுதான், டிவி பார்க்கும்போதே செய்கிறார்.

நடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரம் காலடி நடந்தால்தான் பலன் என்று நினைத்துப் பயந்து தொடங்காமல் இருப்பவர்களுக்காக ஒன்று: அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணுகிற கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களுக்கே, 2,700 காலடி நடந்தவர்களைவிட இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடக்கிறார். காலையில் பக்கத்துத் தெரு நண்பரோடு காவிரிப் பாலம் பக்கம் போய் வருகிறார், அந்தப் பேச்சுத் துணை நடைக்குச் சமமாக அவருக்கு நல்லது செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் காலையில் மட்டும் எண் ஏறி நிற்கிறது, இரவில் சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுகிற மாதிரி இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற பிரச்சினை பிபியைக் கட்டுக்குள் வராமல் செய்யும்.

இனி குறைகள். முதல் குறை இது பயத்தைக் கூட்டும் என்பது. எங்கள் அத்தை ஒருவர் இருக்கிறார், மெஷின் வாங்கிய புதிதில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை 146 வந்தால் பயம், பயத்தில் மறுபடி பார்த்தால் 152, அதில் இன்னும் பயம், 160. இரவு பதினொன்றுக்கு போன் பண்ணி அழுதிருக்கிறார். அப்பா நேரில் போய், "அளக்கிற நேரம் தவிர இதைப் பீரோவுல வைச்சுப் பூட்டு, சாவிய மாப்பிள்ளைகிட்ட குடு" என்று சொல்லிவிட்டு வந்தார். அது பலித்தது. பதற்றப்படுகிற சுபாவம் உள்ளவர்கள் வீட்டில் இன்னொருவர் பார்த்து எழுதிக்கொள்வதும், எண்ணை அவர்களிடம் வாரக் கடைசியில் மட்டும் சொல்வதும் நல்ல வழி. கவலையே தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் 14416 என்கிற எண்ணுக்குப் பேசலாம், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுகிறார்கள். பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிற மாதிரிதான் இதுவும், கூச்சப்பட எதுவுமில்லை.

எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் கூடாது. எண் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையைத் தானே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாக வந்ததே மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 180/120-க்கு மேல் வந்தால் அமைதியாக உட்கார்ந்து மறுபடி ஒரு முறை பாருங்கள், குறையவில்லை என்றால் அன்றே டாக்டர். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது என்று எதுவாவது இருந்தால் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்காமல் நேராக 108.

பொருளாகப் பார்த்தால் எங்கள் மெஷினில் எனக்குப் பிடிக்காதவை இவை. கூட வந்த தாளில் எழுத்து எறும்பு மாதிரி, தமிழில் ஒரு வரி இல்லை, வயதானவர்களுக்கு விற்கிற பொருளுக்கு இது நியாயமே இல்லை. அடாப்டர் தனியாக வாங்க வேண்டும், பேட்டரியை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் கசிந்து கம்பியெல்லாம் பச்சை பூத்துவிடும். வாங்கி சில வருடம் கழித்து பட்டையின் குழாய் சேருகிற இடத்தில் காற்றுக் கசிந்தது, மாற்றுப் பட்டைக்காகச் சர்வீஸ் சென்டருக்கு அலைந்தேன், இன்று வரும் நாளை வரும் என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள், கடைசியில் அந்தப் பட்டை மட்டும் மெஷின் விலையில் பாதிக்கு வந்தது. வாங்கும்போதே மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெல்க்ரோ பிடிப்பு குறைந்து, காற்று ஏறும்போது கர்ரென்று பிரிய ஆரம்பித்தாலும் பட்டையை மாற்ற வேண்டிய நேரம்.

கடையில் மணிக்கட்டில் கட்டுகிற மாடலையும் எடுத்து நீட்டினார்கள், சின்னதாக அழகாக இருக்கிறது, பயணத்துக்கு வசதி என்றார்கள். மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காவிட்டால் எண் தப்பும், அந்த உயரம் தினமும் ஒரே மாதிரி அமைவது கஷ்டம். மேல்கையில் பட்டை கட்டவே முடியாதவர்களுக்கு மட்டும் அது. பட்டையே இல்லாமல் பிபி சொல்வதாக விற்கிற வாட்ச்களை மாத்திரை முடிவு செய்கிற விஷயத்துக்கு நம்ப வேண்டாம் என்றுதான் மருத்துவர் அமைப்புகளும் சொல்கின்றன. போனோடு இணைகிற ப்ளூடூத் வசதிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டார்கள், எங்களுக்கு நோட்டே போதும். சீரற்ற துடிப்பைக் காட்டுகிற சின்ன இதயப் படம் மட்டும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். அது அடிக்கடி எரிந்தால் இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது, மூளைப் பக்கவாதத்துக்கு வழிவிடுகிற ஒருவகைத் துடிப்புக் கோளாறு அப்படி வெளியே தெரிய வாய்ப்பு உண்டு.

வாங்க நினைக்கிற மாடலின் பெயரை ஸ்ட்ரைட் பிபி என்கிற சர்வதேச அமைப்பின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள், முறையாகச் சோதித்துத் தேறிய மெஷின்களை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். வாங்கிய பிறகு ஒரு தடவை டாக்டரிடம் எடுத்துப் போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள், எந்தக் கையில் அதிகமோ அதுதான் எப்போதும் உங்கள் அளக்கிற கை.

இவ்வளவு காசு இப்போது முடியாது என்பவர்கள் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபியும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் வரும்போதும் அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நோட்டு ஒன்றில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். சாதாரணப் பட்டை 22-லிருந்து 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான், அதற்கு மேலே என்றால் பெரிய பட்டை வேண்டும். பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் அதிகமாகக் காட்டும், தேவையில்லாத மாத்திரை வரைக்கும் கொண்டுபோய் விடும். பெரிய பட்டை கையிருப்பில் இல்லை, இதையே இறுக்கிக் கட்டிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வரவழைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் போய் வாங்குங்கள்.